முதலாளி கட்டுரையில் ஒரு குறிப்பு

"இதோ பாருங்க சார், இவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு, டிசைனர் பெண் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, விரிந்த பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் இருந்த கட்டுரை போய், அதற்குப் பின்னால் இருந்து பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். குறிகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. துணையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தலைப்பு ஏன் சின்ன எழுத்தில் வருகிறது என்று கேட்கத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார். இப்போது தலைப்பு எக்கேடு கெட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

"இதை நம்ம ஆபீஸ்ல மட்டும்தானே பாக்க முடியும்?"

"யாரு வேணா பாக்கலாம் சார். வீட்ல படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"ஒரு ஆச்சரியக்குறி, ரெண்டு சின்னக் கோடு போட்டு நடுவுல ஏதாவது எழுதி வச்சா? அது தெரியாதுதானே?"

"பக்கத்துல தெரியாது. இங்க எல்லாமே தெரியும். உங்களுக்கு இத்தனை நாள் தெரியாதா சார்?" என்றவள், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.



ஆறு மாதத்துக்கு முன் வாரப் பத்திரிகை அச்சை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு மாறியது. எல்லோருக்கும் இரண்டு நாள் வகுப்பு. முதலாளிகூட முன்வரிசையில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். பத்திக்கு ஒரு குறி, தடித்த எழுத்துக்கு ஒரு குறி, திறந்த குறியை மூட ஒரு சாய்கோடு என்று துணையாசிரியர் நாற்பது பக்க நோட்டை நிரப்பினார். அவர் மனத்தைக் கொள்ளைகொண்டது ஒன்றே ஒன்றுதான். நடுவில் எழுதுவதைப் பக்கத்தில் காட்டாமல் மறைத்துவிடும் அந்த ஆச்சரியக்குறி.

முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் வாழ்க்கைக்கு வழிகாட்டி ஒரு கட்டுரை எழுதுவார். அதற்குக் குறி போட்டு வெளியிடுவது துணையாசிரியர் தலையில் விழுந்த வேலை. பதிலுக்கு, துணையாசிரியர் எழுதும் திங்கட்கிழமை நகைச்சுவைப் பக்கத்தை முதலாளி வேறு யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே ஏற்றுவார். அதில் துணையாசிரியருக்குத் தனிப் பெருமை. திங்கள் காலையில் ஆபீஸே ஒரு கம்ப்யூட்டரைச் சூழ்ந்து நின்று விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் அருகில் போனதும் மரியாதையாகக் கலைந்துவிடும்.

ஆனால் முதலாளியின் கட்டுரையைப் படிக்கும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தக் குறிக்குள் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இன்றைய கட்டுரையின் தலைப்பு பொறுமை. அதற்குள் அவர் மறைத்து வைத்திருந்த குறிப்பு: 'இதை எழுதியவர் நேற்று லிஃப்ட் வரத் தாமதமானதற்குக் கதவை எட்டி உதைத்தார்.'

நாலு மணிக்குக் கூட்டம். பொறுப்பாசிரியர் யார் என்று முதலாளி இன்று அறிவிக்கப்போகிறார். நான்தான் என்று துணையாசிரியர் வீட்டில் சொல்லியாயிற்று. மனைவி அதைத் தன் அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. அதற்குமுன் முதலாளி வழக்கம்போலத் தன் கட்டுரையைப் பெரிய திரையில் போட்டு எல்லோரையும் படிக்கவைப்பார். மணி மூன்றரை.

குறிப்பை உடனே எடுத்துவிட வேண்டும். முப்பது வருடம் அச்சுத்தாளோடு மாரடித்தவர் அவர். வேண்டாத வரிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அந்த வரி ஒழிந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நோட்டைப் புரட்டினார். கோடு இழுக்கவும் ஒரு குறி இருந்தது. ஆச்சரியக்குறியையும் அதன் கூட்டாளிகளையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கோட்டுக்குறியைப் போட்டு வெளியிட்டார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தவர் பேயறைந்தது போல ஆனார். இதுவரை ஒளிந்திருந்த குறிப்பு ஊரறிய வெளியே வந்து, நடுவில் ஒரு கோட்டோடு நின்றது. மூடும் குறியைப் போட மறந்திருந்ததால் கோடு அங்கேயும் நிற்கவில்லை. கட்டுரை முழுவதையும் அடித்துக்கொண்டு போய், கடைசியில் இருந்த முதலாளியின் பெயரையும் அடித்துவிட்டிருந்தது.

நோட்டில் எழுத்துக்கு நிறம் கொடுக்கும் குறி கண்ணில் பட்டது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து என்றால் யாருக்குத் தெரியும்? ஆரம்பத்திலேயே போட்டார். எல்லாம் மாயமாக மறைந்தது. மேலே 'பொறுமை', கீழே முதலாளியின் புன்னகைப் படம், அவ்வளவுதான். அப்பாடா என்று சாய்ந்தார்.

"சார்" என்று வரவேற்பு மேசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "முதலாளி கட்டுரை என் போன்ல பளிச்சுனு தெரியுது. அது என்ன சார், நடுவுல லிஃப்ட் கதவு?"

கண் கூசுகிறது என்று அக்கா போன் திரையைக் கறுப்பாக வைத்துக்கொள்பவர்.

துணையாசிரியர் மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இனி கோடும் வேண்டாம், நிறமும் வேண்டாம், அழித்தே தீருவது என்று உட்கார்ந்தார். அழித்த அவசரத்தில் மேலே இருந்த பத்திகள் போயின, நிறக்குறி போயிற்று, கோட்டுக்குறி போயிற்று, கீழே இருந்த பத்திகளும் போயின. எது போக வேண்டுமோ அது மட்டும் போகவில்லை. பொறுமை என்ற தலைப்பு, முதலாளியின் புன்னகை, இரண்டுக்கும் நடுவில் லிஃப்ட் கதவை உதைத்த செய்தி, கன்னங்கரேலென்று. இந்த அழகில் வெளியிடும் பொத்தானையும் அழுத்தியிருந்தார்.

நாலு மணி அடித்தது. கூட்ட அறையில் பெரிய திரை ஒளிர்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிறகு குபீரென்று சிரிப்பு.

துணையாசிரியர் பையைத் தூக்கிக்கொண்டு வரவேற்பு மேசைக்கு ஓடினார். முப்பது வருட உத்தியோகம் முப்பது நிமிடத்தில் போய்விட்டது என்றார்; திடீரென்று காய்ச்சல் வந்து தான் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி கெஞ்சினார். கட்டுரைக்குள் முதலாளியைப் பற்றி மறைத்து எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார்.

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு, அவரை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்குப் போயா சார் இப்படி நடுங்கறீங்க? திங்கக்கிழமை திங்கக்கிழமை உங்க நகைச்சுவைப் பக்கத்துக்குள்ள முதலாளி அதே குறியைப் போட்டு உங்களைப் பத்தி எழுதி வைக்கிறாரே, அதைப் படிச்சுத்தானே நாங்க எல்லாரும் அப்படிச் சிரிக்கிறோம்."