மாமல்லபுரத்துக்கு நாலு பேர் மட்டும்

ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
வியாழக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஜெயகரன் அவர்களுக்கு, மாமனார் ராஜப்பா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் பிரஷரைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். மெட்ராஸில் நீங்களும் வாணியும் பேத்தி நேத்ராவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் மாமல்லபுரத்துக்கு ஒருநாள் டிரிப் போட மனசு வருமா? போனில் பேசினால் என் குரல் உசந்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? உங்கள் அத்தை கிருஷ்ணம்மா, போனில் சத்தம் வரவில்லை, பாருங்கள் என்று என்னிடம் நீட்டினாள். பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தும் உட்கார்ந்திருந்தார். நான் எதையோ அமுக்க, வாணியின் குரல் தெருவுக்கே கேட்டது: "அம்மா, கார்ல நாலு பேருதான். நான், அவரு, பாப்பா, நீ. அப்பாவுக்குத் தெரிய வேணாம்." தலையில் இடி விழுந்தது மாப்பிள்ளை! அது அடங்குவதற்குள் இவள் அனுப்பிய பதில்: "அந்த மனுசன் வந்தா கடலை இன்னாத்துக்குப் பாக்கறது? நாள் பூரா நம்மளை எண்ணிக்கினே இருப்பாரு. பேத்தமங்களாவுல பட்டது போதாதா?" மஞ்சுநாத் "பர்த்தீனி சார்" என்று கன்னடத்தில் விடைபெற்று எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டார்.

பேத்தமங்களாவில் நான் அப்படி என்ன அக்கிரமம் செய்தேன்? போன வருஷம் சொந்தக்காரர் பன்னிரண்டு பேரை ஏரி பார்க்க அழைத்துப்போனேன். ஆளுக்கொரு நம்பர் கொடுத்தேன். கால் மணிக்கு ஒருதரம் விசில் அடித்து, அவரவர் நம்பரைச் சொல்லச் சொன்னேன். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, மேலே தூக்கிவிடும் கேஜில் ஏறுமுன் எப்படியோ அப்படித்தான். உங்கள் அம்மாவுக்கு வாயில் சோற்றோடு "ஒன்பது" என்று கத்தும்படி ஆகிப் புரையேறியது. அதற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

லீவுக்கு வாங்கப்பா, கடல் பார்க்கலாம் என்று பொங்கலுக்கு வாணி சொன்னதை நம்பி, ஆறு பக்கத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். காலை ஐந்து பத்துக்கு ஆஜர். கடலில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர், இருபது நிமிஷம், மற்றவர் கரையில் காவல். அந்த ஊர்ப் படங்களைப் பார்த்தேன். சரிவில் அத்தனை பெரிய உருண்டைப் பாறை நிற்கிறது, ஐயோ கடவுளே, ஒரு முட்டுக்கட்டை கிடையாது, அதற்கடியில் நின்று ஜனங்கள் இளித்துக்கொண்டு போட்டோ பிடிக்கிறார்கள்! நம் ஆள் யாரும் அங்கே போகக்கூடாது என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். இது தப்பா? எட்டாயிரம் அடி ஆழத்துக்கு இருபத்தேழு வருஷம் போய் வந்தவன் நான், அறுபத்தொன்பது வயசாவுது, கடலை ஒருதரம் கண்ணால பார்த்ததில்ல. உங்க கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்தப்பவும் மண்டபத்துல ஆள் எண்ணிக்கினே நின்னுட்டேன். பாக்கணும்னு ஆசையா இருக்குது மாப்பிள்ளே, வெக்கத்தை வுட்டுச் சொல்றேன்.

ஏன் எண்ணுகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அத்தைக்கும் தெரியாது, உங்களோடு இருக்கட்டும். எண்பத்தொன்பதில் என் கீழே பதினேழு பேர் வேலை செய்தார்கள். ஷிப்ட் முடிவில் இருட்டில் நம்பர் சொல்லச் சொன்னேன். பதினேழு குரலும் கேட்டதென்று நம்பி, கேஜ் ஏற மணி அடித்துவிட்டேன். மேலே வந்து பார்த்தால் பதினாறு பேர். பெருமாள் இல்லை. ஆறு மணி நேரம் தேடித்தான் ஒரு பழைய வழியில் அவன் கிடைத்தான். மேலே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை; எங்கள் லைன் வீட்டு வரிசையில் கடைசி வீட்டில்தான் இருக்கிறான், இன்றைக்கும் சரியாகப் பார்க்க மாட்டான். என் எண்ணிக்கை தப்பி ஒருத்தன் அங்கே கிடந்தானே என்ற பயம் என்னை விடவே இல்லை.

ஆகையால் நான் வரவில்லை. நீங்கள் நாலு பேரே போய்வாருங்கள். அத்தைக்கு முட்டி வலி, படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாப்பாவை அலை கிட்டே தனியாக விடாதீர்கள். வீடு திரும்பியதும், நாலு பேரும் வந்தாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், சாப்பிட உட்காருவேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைய வருஷம் வாழ வேண்டுமென்று மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமனார்
ராஜப்பா

பி.கு.: மாப்ளே, நான் கிருஷ்ணம்மா. இதைக் கவர்ல போட்டு ஒட்டாம வெச்சிட்டுக் குளிக்கப் போயிருக்காரு. படிச்சிட்டேன். இவரு எண்ணினது தப்பே இல்லீங்க. பெருமாளண்ணன் அன்னிக்குத் தலைவலின்னு போய்ப் படுத்துக்கினாரு, அடுத்த கேஜ்ல வந்துக்கலாம்னு. அப்பிடியே தூங்கிட்டாரு. அவரு நம்பருக்கு செல்வமணின்னு ஒருத்தன் குரல் குடுத்தான். வேலை பூடும்னு பயந்து, வெளியே சொல்லாதேன்னு பெருமாளண்ணன் பொண்டாட்டி என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. இந்த மனுசன் இத்தினி வருசமா இதைச் சொமந்துகினு இருக்காருன்னு எனக்கு இன்னா தெரியும்? குளிச்சிட்டு வரட்டும், சொல்லிடறேன். கார்ல அஞ்சு பேருக்கு எடம் பண்ணுங்க. அவரு கடல்ல நிக்கட்டும். கரையில நின்னு நான் எண்ணிக்கிறேன்.