குஸ்குஸ் மேல் ஓர் ஆணை

நிலை பெயராமை அருங்குணம். கடல் கரை மாறினும் கொண்ட கொள்கை மாறாதவரை உலகம் போற்றும். அவ்வருங்குணம் கால்பந்து அரங்கின் மேற்குப் படிகளில் சூரியகாந்தி விதை கொறித்தபடி அமர்ந்திருந்தால், அதற்குப் பழைய விதிக் காவலர் என்று பெயர்.

அவரை நீர் அறிவீர். எங்கள் பிசெர்த் துறைமுக நகரில் அவர் பெயர் லம்ஜத்; மரியாதைக்கு முன்னே ஒரு 'சி' சேர்த்து, சி லம்ஜத். தொழில், சன்னலுக்குக் கண்ணாடி வெட்டுதல். ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் என்பது மூன்று புள்ளிகள் என்று மாறியபோது "ஆட்டம் செத்துப்போச்சு" என்றார். சக ஆட்டக்காரன் காலால் தள்ளிய பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடலாகாது என்றபோதும் செத்தது. மாற்று ஆட்டக்காரர் மூவர் ஐவரானபோதும் செத்தது. ஒவ்வொரு முறையும் தம் கையாலேயே அடக்கம் செய்துவிட்டு, மறு ஞாயிறு அந்தப் பிணத்தைக் காண முதல் ஆளாய் வாயிலில் நின்றார். வியப்பு யாதெனில், புதிய விதி ஒன்று வந்ததும், போன முறை அவர் சபித்த விதியே முன்னோர் வைத்த முதுசொமாகிவிடும்.

இவ்வாண்டு லீக் வாரியம் காணொளித் தீர்ப்பைக் கொணர்ந்தது. நடுவர் ஐயுற்றால் ஓரத்துத் திரைப்பெட்டியில் பார்த்துத் தீர்ப்பளிப்பார். காவலர் பொறுப்பாரா? வெள்ளிதோறும் குஸ்குஸ் என்னும் கோதுமைக் குறுணைச் சோறு வேகும் அடுப்படியில், மனைவி மப்ரூக்காவும் அண்டைவீட்டுக் கமாயிஸும் சாட்சியாக, ஆணையிட்டார்.

"பெட்டி குடுத்த கோலுக்கு நான் கை தட்டினா, இந்த வீட்டுக் குஸ்குஸ் எனக்கு ஹராம்."

"வேற எதுவும் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மப்ரூக்கா. "ஹரிஸ்ஸா மிளகா விழுது மேல சத்தியம் பண்ணியிருக்கலாம். வயித்துக்காவது நல்லது."

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் துறைமுகக் கழகம் முதல் பிரிவில் நிலைக்கும்; இல்லையேல் கீழே. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் பையன் பந்தை வலைக்குள் தள்ளினான். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடியை உயர்த்தினார். மேற்குப் படிகள் முழுதும் தலையில் கை வைத்தன. நடுவரோ பெட்டியை நோக்கி நடந்தார்.

ஓராண்டாகப் பெட்டியின் குலத்தையே தூற்றிய திருவாய் அப்போது என் செய்தது? முணுமுணுத்தது.

"நல்லாப் பாரும்மா, பெட்டி. அவசரமே இல்ல. இன்னொரு தடவை பாரு."

"யார்கிட்டண்ணே பேசுற?" என்றான் கமாயிஸ்.

"உன் வேலையைப் பாருடா."

கோல். சி லம்ஜத் தட்டினார். உள்ளங்கை சிவக்கத் தட்டினார். கமாயிஸின் வழுக்கையை இருமுறை முத்தமிட்டார். பின்னரே தம் கைகளைப் பார்த்தார். அடுப்படி நினைவுக்கு வந்தது.

குஸ்குஸ் இல்லாத வெள்ளியை எண்ணி நடுங்கி அவர் இமாமிடம் ஓடினார்; முறித்த ஆணைக்குப் பரிகாரமாக ஏழைகள் பதின்மருக்கு உணவிடப் பணித்தார் இமாம். அழைத்துவரும் பொறுப்பைக் கமாயிஸ் ஏற்றான். வந்தவர்கள் யார்? மேற்குப் படிகளின் இரண்டாம் வரிசை, கழகத் துண்டுகளைக் கழுத்தில் சுற்றியபடி.

"இவனுங்க ஏழைங்களாடா?"

"நம்ம கழகத்துக்கு விசிறியா இருக்கிறவனைவிட ஏழை இந்த ஊர்ல யாருண்ணே?"

சி லம்ஜத் பதின்மரையும் உட்காரவைத்தார். மீன் குஸ்குஸ் ஆவி பறக்க வந்தது. சி லம்ஜத் கரண்டியை உயர்த்திய அவ்வேளை வானொலி அறிவித்தது: விசிறிகளின் எதிர்ப்பை மதித்து, வரும் பருவம் முதல் காணொளித் தீர்ப்பு நீக்கப்படுகிறது.

காவலர் எழுந்தார். கண்கள் கலங்கின.

"பெட்டியை எடுக்கறதா? நம்ம கழகத்தைக் காப்பாத்தின பெட்டியை? நம்ம பரம்பரை முறையை? ஆட்டம் செத்துப்போச்சு. பெட்டி இல்லாத மைதானத்துல நான் கால் வச்சா, இந்தக் குஸ்குஸ்—"

மப்ரூக்கா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க. இன்னும் பத்துப் பேருக்கு என்கிட்ட மீன் இல்ல."

நகைக்கிறீரா, நண்பரே? உம் வீட்டில் உப்புச் சாடி ஒரு சாண் நகர்ந்த அன்று நீர் ஆற்றிய உரையும், அது பழைய இடத்துக்கே மீண்டபோது ஆற்றிய மறுப்புரையும் உம் இல்லத்தாருக்கு மனப்பாடம். நாம் ஏன் நினைவூட்ட வேண்டும்?

ஆதலின் வாழ்த்துவோம்: காவலர் மனை வாழ்க; அடுப்பு அவியாதிருக்க; அவர் ஆணைகள் முறியுந்தோறும் பானை நிறைக; மப்ரூக்காவின் கை என்றும் அவர் வாயினும் விரைந்து செல்க.