உன் மருமகளுக்கு நான் சிவப்பு அட்டை மாட்டிய கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். அத்தானின் முழங்காலும் உன் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். அந்த ஒரு வார்த்தையை எழுத இந்த ஒரு மாதமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் மகளுக்கு, அதான் உன் மருமகளுக்கு, டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை கிடைத்ததை ஃபோனில் சொன்னேன் அல்லவா? நாள் முழுக்க ரத்தத்தோடு புழங்கும் வேலை. அதனால், சேர்வதற்கு முன் மஞ்சள் காமாலைக் கிருமி ஹெபடைடிஸ் பி-யைத் தடுக்கும் சக்தி உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது பத்து இருக்க வேண்டுமாம். இவளுக்கு ஆறு. "குழந்தையிலயே மூணு ஊசியும் போட்டாச்சுப்பா, பயப்படாதீங்க" என்றாள். நான் கேட்பேனா? முப்பத்து நான்கு வருடம் ஊரிலுள்ள கட்டிடங்களில் எல்லாம் தீயணைப்பு சிலிண்டர்களைப் பரிசோதித்தவன். அழுத்தம் காட்டும் முள் பச்சையை விட்டு இறங்கினால் சிவப்பு அட்டை மாட்டிவிடுவேன். திரும்ப நிரப்பும்வரை ஒருத்தரையும் தொடவிட மாட்டேன். இருபத்தாறு வருடமாக நிரப்பாத சிலிண்டரை எந்த மடையன் நம்புவான்? பழைய பெட்டியில் மிச்சமிருந்த ஓர் அட்டையில் 'காலி. நிரப்பும்வரை உபயோகிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவள் ஊசி போட மறந்துவிடக் கூடாதே என்று கைப்பையில் கட்டிவிட்டேன். அவள் கவனிக்காமல் அதை மாட்டிக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டாராம். சாயங்காலம் வந்து, "அப்பா, நான் மனுஷிப்பா, சிலிண்டர் இல்ல" என்று சண்டைக்கு ஆரம்பித்தவள், பாதியில் அழுதுவிட்டாள். கிடைத்த வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது அக்கா. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. "வருஷா வருஷம் ஒரு பூஸ்டர் ஊசி போட்டுருங்கம்மா, நான் தேதி குறிச்சு வச்சுக்கறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் உத்தியோகத்தை விசாரித்துவிட்டு, "தீயணைப்பு வண்டி எந்நேரமும் தெருவுல சுத்திக்கிட்டா இருக்கும்?" என்றார்.

"ஸ்டேஷன்ல நிக்கும்மா."

"மணி அடிச்சா?"

"பறந்து வரும்."

"அதேதான். ரத்தத்துல நாங்க எண்ணுறது தெருவுல சுத்துற வண்டிய. அது வருஷம் ஆக ஆகக் குறையும். உள்ள ஸ்டேஷன் அப்படியேதான் இருக்கும். ஒழுங்கா மூணு ஊசியும் போட்ட ஆரோக்கியமானவங்களுக்கு முப்பது வருஷம் தாண்டியும் பாதுகாப்பு இருக்கு, பூஸ்டர் பொதுவா தேவையில்ல. இவங்க ரத்தத்தோட வேலை பாக்கப்போறவங்க. அதனால ஒரே ஒரு ஊசி போட்டு, மணி அடிச்சுப் பாத்துருவோம்."

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஐந்நூற்று நாற்பது! நேற்றுக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. இவள் உடம்போ, பேச்சு வராத வயதில் நீ தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட மூன்று ஊசியை இத்தனை வருடமாக மறக்கவே இல்லை! இந்த ஊசியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். உனக்கும் ஒன்று. ஒரு தவணைகூடத் தவறவிடாத மகராசி நீ. இனி இவளுக்கு ஊசியும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவளுக்கு உன் ஆசீர்வாதம் தேவை, பூஸ்டர்தான் தேவையில்லை.

இப்படிக்கு,
கவலை தீர்ந்து நிம்மதியாகத் தூங்கும்
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மருமகள் வாங்கிப் படித்துவிட்டு, "அது சரி, நீங்க எப்பப்பா போட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். யோசித்துப் பார்த்தேன். நான் போடவே இல்லை அக்கா. ஒரு தவணைகூட. என் உடம்பில் ஸ்டேஷனே கட்டவில்லையாம். மேலே எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் பொருந்தாதாம். நாளைக் காலை பத்து மணிக்கு முதல் ஊசி. கூடவே வந்து கையைப் பிடித்துக்கொள்ளப்போவது அவள்தான். "ஆறுதலுக்கு இல்லப்பா, நீங்க ஓடிடக் கூடாதுன்னுதான்" என்கிறாள்.