ஐந்து சென்ட் நஞ்சையில் நல்லதம்பி பொருத படலம்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிக் கிடக்கும் திருவரங்கத் தீவே, நீ சாட்சி! ஆலைத் தீயில் கறுத்த மேனியனும், ஓய்வூதியம் என்னும் ஒற்றைக் கவசம் பூண்டவனும், ஆலை தந்த கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸில் வாழ்நாளின் பெரும்பகுதி கழித்தும் ஒரு சுவரையேனும் தன்னதென்று தட்டிப் பார்த்தறியாதவனுமாகிய நல்லதம்பியின் வீரத்தை, வெற்றி வாராது போயினும், பாடத்தான் வேண்டும்.

பெரும்போர்கள் மண்ணாசையாலும் பெண்ணாசையாலும் மூண்டன. இப்போர் ஓர் ஆணியால் மூண்டது. குவார்ட்டர்ஸில் ஆணி அடிக்க எழுதிக் கேட்க வேண்டும். ஓய்வுக்குப் பின் குடிபுகுந்த புத்தூர் வாடகை வீட்டிலோ எழுதிக் கேட்டாலும் நடவாது. கல்யாணப் படத்தைப் பீரோவின் தலைமேல் சாய்த்து வைத்துவிட்டு, அவன் மனைவி வெள்ளையம்மாள் ஒருநாள் சொன்னாள்: "நமக்குன்னு ஒரு சுவர் இருந்தா, இஷ்டத்துக்கு ஒரு ஆணி அடிச்சுக்கலாங்க."

அச்சொல் வேலெனத் தைக்க வெகுண்டெழுந்த வீரன், சேமிப்பனைத்தும் திரட்டிக் கொள்ளிடக் கரையருகே ஐந்து சென்ட் நிலம் கொண்டான். கொண்ட பிறகே அது நஞ்சை என்றறிந்தான். விளைநிலத்தில் வீடெழுப்பச் சட்டம் இடந்தராது. இம்மண் இனி விளையாது, இது வெறுந்தரிசு என்று வேளாண் அலுவலர் நேரில் கண்டு எழுதித் தந்தாலன்றி அங்கே ஒரு செங்கலும் வைக்கலாகாது. ஆயினும் அடுத்த வரப்பிலேயே, அதே வாய்க்கால் பாயும் அதே மண்ணில், ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உண்ணும் குளிர்சாதனக் கல்யாண மண்டபம் ஒன்று வானளாவி நின்றது. அஃது எவ்வரத்தால் முளைத்தது என்று நல்லதம்பி வினவியபோது, அலுவலகத்தார் அனைவரும் ஒருசேரத் தேநீர் பருக எழுந்தனர்.

தொடங்கிற்று முற்றுகை. "சார் கேம்ப் போயிருக்காரு" என்னும் மதிலை மோதினான். "சர்வர் டவுன்" என்னும் அகழியில் ஆழ்ந்தான். ஒரு மேசை மறு மேசைக்கு எறிய, மறு மேசை முதல் மேசைக்கே எறிய, பந்தென உருண்டு, பெஞ்சிலே தேய்ந்து, இறுதியில் வேளாண் அலுவலர் நேரில் வருவார் என்னும் திருவாக்கைப் பெற்று மீண்டான். நிலமோ அவன் பக்கம் நின்றது. பல பருவம் ஏர் காணாது வெடித்துப் பிளந்து, பார்ப்பவர் கண்ணீர் உகுக்கும் அழகிய தரிசாய்க் கிடந்தது.

அந்தோ, ஆடிப்பெருக்கு வந்தது! மனைகோலும் முன் நவதானியம் விதைத்து, முளைத்த பயிரைப் பசு மேய்ந்தால் மனை சுத்தமாகும் என்பது அவன் குலத்து வழக்கம். பெர்மிஷன் வந்தபிறகு தூவலாமே என்று வெள்ளையம்மாள் தடுத்தாள்.

"ஆடிப்பெருக்கு ஆபீஸ் மாதிரி நாளைக்கு வான்னு சொல்லாது, வெள்ளை" என்றான் மாவீரன். ஒன்பது தானியங்களையும் அள்ளி, அம்பு மாரியென வீசினான்.

வாய்க்கால் நிரம்பி வழிந்தது. மழையும் தன் பங்குக்குப் பொழிந்து, பசுவைச் சேற்றில் இறங்கவிடாது தடுத்தது. ஆவணிக் கடைசியில் பயறும் உளுந்தும் எள்ளும் கொள்ளும் முழங்காலளவு எழுந்து, பகையரசன் சேனையெனப் பச்சைக் கொடி பிடித்து நின்றன. அவ்வேளை பார்த்துக் கைபேசி ஒலித்தது. நாளைக் காலை ஆய்வு.

ஒரு பசுவால் ஆகிற காரியமா இது? பழைய ஆலைத் தோழனும் ஆட்டுமந்தைக்கு அதிபதியுமான பரக்கத் அலியை அழைத்தான். விடியலில் வந்திறங்கிய கொம்புடைப் பெரும்படை, பயிரை ஒருமுறை முகர்ந்தது. பின்னர் மண்டபத்தின் பின்புறம் குவிந்திருந்த எச்சில் வாழையிலை நோக்கி வரப்பைத் தாண்டி, மதிற்சந்தில் நுழைந்து, ஒன்றும் மிச்சமின்றி மறைந்தது.

"பயறு வேணாங்குதுண்ணே, பந்திக்குத்தான் போவுது" என்றான் பரக்கத் அலி.

வெள்ளையம்மாள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையால் பிடுங்கத் தொடங்கினாள். இரண்டு கட்டுக்கூடச் சேரவில்லை. ஜீப்பிலிருந்து அலுவலர் யாழினி இறங்கினார். கொடியவர் அல்லர், இலஞ்சம் அறியாதவர், அதனாலேயே வெல்லற்கரியவர். குனிந்து ஒரு காயை உரித்துப் பார்த்தார்.

"நல்லா விளையுதே சார்?"

"அது சும்மா சாஸ்திரத்துக்குத் தூவினதும்மா."

"சாஸ்திரத்துக்குத் தூவினதே இப்படி வருதுன்னா, இதை எப்படி சார் தரிசுன்னு எழுதுறது?"

உண்மை என்னும் அவ்வொரு கணை தைத்தது. மனு தள்ளுபடியாயிற்று. மண்டபத்தில் அன்றைய முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம் முழங்கிற்று.

மேல்முறையீடு செய்தான், அது மேசைதோறும் திக்விஜயம் செய்துகொண்டிருக்கையிலேயே, மாசியில் ஒரு காலை, செருப்பை மாட்டக் குனிந்தவன் நிமிராமல் வீரசொர்க்கம் எய்தினான். ஓயாமரிச் சுடுகாட்டில் அவன் கிடந்த ஆறடியை நஞ்சையா புஞ்சையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

புத்தூர் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால், அவன் படத்தையும் வெள்ளையம்மாள் பீரோவின் மேல்தான் சாய்த்து வைத்திருக்கிறாள்.