நெக்ஸ்ட், நெக்ஸ்ட், வோர்னிங்!

கம்ப்யூட்டர் படித்தவன் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிக்கவே கூடாது. கல்முனைப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். அந்த வீட்டில் வயர் உள்ள பொருள் எது பழுதானாலும் மருமகன் பொறுப்பு. (நான் படித்தது மென்பொருள். ரைஸ் குக்கரையும் என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.)

நான் அப்படி மருமகனாகப் போய்க் கொஞ்ச நாளில் மனைவியின் தங்கை நஸ்ரினுக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையும் பெற்றோரும் கட்டாரில். அசர் தொழுகைக்குப் பிறகு வீடியோவில் கதைப்பதாக ஏற்பாடு.

"சின்னப் போனுக்குள்ள நம்மட குடும்பம் என்னெண்டு மகன் அடங்கும்? ஒங்கட லெப்டொப்ப வைங்க" என்றார் மாமா, நஸ்ரினின் வாப்பா.

முதல் நாள்தான் அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தத்தை இயக்கும் சவுண்ட் டிரைவர் என்கிற மென்பொருள் அதில் இல்லை.

சின்ன வேலைதான். லெப்டொப் கம்பனியின் சொந்தத் தளத்துக்குப் போய் டிரைவரை மட்டும் இறக்கினால் போதும். நானோ அவசரத்தில் ஏதோ ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

அது ஒவ்வொன்றாகக் கேட்டது. வைரஸ் பிடிக்க ஒன்று இலவசம், அதையும் போடவா? கம்ப்யூட்டரைத் துப்புரவாக்க ஒன்று, அதையும்? எல்லாவற்றுக்கும் அதுவே 'சரி' அடையாளமும் போட்டு வைத்திருந்தது. அந்த அடையாளங்களை எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் மாமி பீங்கானில் இறைச்சியை அள்ளிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் வைக்கவா மகன்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராத புது மருமகன் நான். கேட்டதற்கெல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்லி நெக்ஸ்ட் கொடுத்தேன். சத்தம் வந்துவிட்டது. பெரிய விஞ்ஞானி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

கட்டார் அழைப்பும் வந்தது. ஸலாம், சுகம், வெயில், வேளாண்மை எல்லாம் முடிந்து மாமா தொண்டையைச் செருமினார்.

"எங்கட புள்ளயப் பத்தி நாங்க சொல்லக் கூடாது. ஊருக்குள்ள ஆரிட்டயும் விசாரிச்சுப் பாருங்க."

"வோர்னிங்! டேஞ்சர்!" என்று லெப்டொப்புக்குள் இருந்து ஒரு பெண் கத்தினாள்.

நான் போட்ட இலவச வைரஸ் பிடிப்பான்தான். திரை முழுக்கச் சிவப்பு. கட்டாரில் மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஆரு அந்தப் பொம்புள? என்ன டேஞ்சராம்?"

"அது... மருமகன்ட மெசின்" என்றார் மாமா.

மாமி என் காதுக்குள், "யா அல்லாஹ்! மகன், அவளக் கொஞ்சம் வாயப் பொத்தச் சொல்லுங்க" என்றார், அழுகிற குரலில். திரையில் ஒரு பெட்டியை மூடினால் அடுத்த பெட்டியில் அவள் வந்தாள். கடைசியில் லெப்டொப்பையே மூடினேன். சம்பந்தத்தையும் சேர்த்து மூடிவிட்டதாகத்தான் நினைத்தேன். நஸ்ரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடும்போது மாமி இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையே அழைத்தார். சிரித்துச் சிரித்து வயிறு நோகிறதாம், சம்மதமாம். அல்ஹம்துலில்லாஹ், எனக்கு உயிர் வந்தது.

இன்று அவர் என் சகலன். குடும்பத்து லெப்டொப்புகளுக்கெல்லாம் இன்றைக்கும் நான்தான் டிரைவர் போடுகிறேன். கம்பனித் தளத்தில் இறக்கி, நாமே தெரிவு செய்கிற 'கஸ்டம்' கொடுத்து, வேண்டாததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நஸ்ரினோடு கொளுவல், சண்டை வரும்போதெல்லாம் சகலன் வீட்டுக்கே கேட்கும்படி சொல்வார்:

"அண்டைக்கே அந்த லெப்டொப் பொம்புள கத்திக் கத்திச் சொன்னா. நாந்தான் கேக்கல்ல."

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரிடம் சொல்வாள்:

"ஒங்களுக்கு ஒருத்தியாவது சொன்னா மச்சான். எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே!"