நாப்பத்தொம்பதாம் நாள் கருவாட்டுக் கொழம்பு

பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு காரியத்தைச் செஞ்சு முடிச்சே தீரணும்னு இந்தக் கருத்தக்கண்ணன் கங்கணம் கட்டுனது, கல்யாணமான ஆறு வருசத்துல அதுதான் மொதத் தடவை. திருடப் போகலீங்க. மருந்து சாப்பிடத்தான்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் புள்ளைக்காக டெஸ்ட் எடுத்தோம். பாண்டீஸ்வரிக்கு ஒரு கோளாறும் இல்ல. என் ரிப்போர்ட்டை நான் தனியாப் போயி வாங்குனேன். குறை எங்கிட்டத்தான். வீட்டுக்கு வந்து, "எனக்கும் நார்மல்"னுட்டேன். நாக்குக் கூசலையான்னு கேக்காதீங்க. கூசத்தான் செஞ்சுச்சு.

எங்காத்தா அன்னக்கொடிக்கு அது போதாதா? "எம்மவன் சிங்கம்டி"ன்னு, பரவையில இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம மலைவேம்புக் கசாயத்தோட பஸ் ஏறிடும். மருமக குடிக்கிறதை எதுக்க நின்னு பாத்துட்டுத்தான் காப்பித் தண்ணியே தொடும். அவளும் மூஞ்சியச் சுழிக்காமக் குடிச்சுட்டு, டம்ளரைக் கழுவ உள்ள போயிருவா. நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்குவேன்.

பொறுக்கல. ஆரப்பாளையம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"யாருக்குண்ணே?"

"ஒரு சிநேகிதனுக்கு."

"அமுக்கராப் பொடி. நாப்பத்தெட்டு நாளு பால்ல கலந்து குடிக்கச் சொல்லுங்க. புளி, கருவாடு கூடாது. சிநேகிதரோட சேந்து நீங்களும் விட்டுருங்க." மனுசன் சிரிக்காமச் சொன்னாரு.

பொடியைப் பரண்ல, பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள்ள ஒளிச்சேன். மூணு நாளு குமட்டுச்சு. நாலாம் நாளு தித்திச்சுச்சு. பழகிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். புளிக்கு ஒரு பொய் வேணும்ல?

"அல்சராம். புளி ஆகாதாம்."

"அம்புட்டுத்தான?"ன்னா. அன்னையில இருந்து பருப்பும் பொரியலும்தான். ஏமாத்திப்புட்டோம்டான்னு மீசையை முறுக்குனேன். மீசைகூட அடர்த்தியான மாதிரி இருந்துச்சு.

நாப்பத்தெட்டு முடிஞ்ச மறுநாளு ஞாயிறு. காலையில இட்லி மேல கருவாட்டுக் கொழம்பை ஊத்துனா.

"அடியே, எனக்கு அல்சரு!"

"நாப்பத்தெட்டு முடிஞ்சிருச்சுல்ல? சாப்பிடுங்க."

பிட்ட இட்லியத் தட்டுலயே வச்சேன். "எது நாப்பத்தெட்டு?"

"பரண்ல இருக்குறது. நாளும் பத்தியமும் பொட்டலத்துலயே எழுதியிருக்கு. மூணாம் நாளே அதை எடுத்துட்டுப் பயத்தமாவும் சீனியும் வச்சுட்டேன். நீங்க போடுற தைராய்டு மாத்திரைக்கு அது ஒத்துக்காதாம், டாக்டரம்மா சொன்னாக."

"அப்ப... அந்த ரிப்போர்ட்டு?"

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணவும் என் நம்பரு, கொரியருக்கும் என் நம்பரு. லேபுல மட்டும் வேற யாரு நம்பரைக் குடுத்தீக? அன்னைக்கே வாட்ஸ்அப்ல வந்துருச்சு."

"தெரிஞ்சுமா அந்தக் கசாயத்தைக் குடிச்ச?"

"நான் குடிக்கலைன்னா அத்தை உங்களைக் கேப்பாக. நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்." அவ குரல் உடைஞ்சிருச்சு. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்தேங்க."

எனக்கு அழுகை வந்துருச்சு. கொழம்புக் காரம்னு சொல்லக்கூட வாய் வரல.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஆத்தா, தூக்குச்சட்டியோட. "இந்தாடி, சூட்டோட குடிச்சிரு"ன்னு மருமககிட்ட டம்ளரை நீட்டுச்சு. நான் பாஞ்சு பிடுங்குனேன்.

"ஆத்தா, குறை இவகிட்ட இல்ல. எங்கிட்ட. நான் பொய் சொல்லிட்டேன். இனிமே இவ இதைக் குடிக்க மாட்டா."

சொன்ன வேகத்துல ஒரே மடக்கு. ஆத்தா அப்படியே சேர்ல ஒக்காந்துருச்சு. நான் நெஞ்சை நிமித்தி நின்னேன். அரை நிமிசம் நின்னிருப்பேன். வாயைப் பொத்திக்கிட்டு வாஷ்பேசினுக்கு ஓடுனேன்.

பாண்டீஸ்வரி பின்னாடியே வந்து முதுகைத் தடவிவிட்டா.

"எப்படிடி குடிச்ச இதை?"

"மொதல்ல குழாயைத் தொறந்துவிட்டுக்கங்க. வாந்தி எடுக்கிற சத்தம் வெளிய கேக்காது. எட்டு மாசமா நான் அப்படித்தான்."