கூலாய் பாலத்தில் எனக்கு வந்த நாலு வியாதிகள்

என் வாய் கொஞ்சம் பெரிது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எண்பத்தைந்து வயதாகியிருக்கிறது. என் மனைவி அஞ்சலை இதைக் கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த விஷயத்தில் மட்டும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

நான் பதினான்கு வயதில் ஒரு சொம்போடு மலாயாவில் கப்பலை விட்டு இறங்கியவன். படித்தது இரண்டாம் வகுப்பு (அதிலும் பாதி நாள் வாத்தியாருக்குக் காய்ச்சல்). புல் வெட்டினேன், பால் மரம் சீவினேன், கங்காணியானேன். நாற்பது வயதில் லாயாங் லாயாங்கில் ஆறு மாட்டு வண்டிகளுக்குச் சொந்தக்காரன். தோட்டத்து ரப்பர் ஷீட்டு என் வண்டியில் ஏறாமல் ரயிலில் ஏறாது. இப்படி மேலே வந்தவன் நாலு வார்த்தை பேசத்தான் செய்வான். பேசாவிட்டால் மேலே வந்தது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஜப்பான்காரன் வந்தான். மாடுகளையும் வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு போனான். வாயை மட்டும் என்னிடமே விட்டுவிட்டான். அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஒருநாள் காலை தோட்டத்து ஆபீஸ் வாசலில் கணக்கு வைக்கும் கிராணி பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வருவதில்லை என்பது மட்டும் தெரியும். கிராணிக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கிராணி நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "உங்க பையன் தங்கராசு சோணிதானே? ஒடம்புக்கு முடியாதவன்னு எழுதிடறேன், என்ன?" என்றார்.

மூளை உள்ளவன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

"யாரப் பாத்துச் சோணின்னீங்க?" என்றேன் நான். "எம் மவன் மூணு ஆளு வேலைய ஒத்த ஆளா செய்வான்! என் ரத்தம்யா அது!" சொன்னதோடு விடாமல் மூன்று விரலை வேறு தூக்கிக் காட்டினேன். ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது. விரல் புரிந்துவிட்டது. அவன் கிராணியின் தாளைத் தட்டினான். கிராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். அடுத்த ரயில் இரண்டு வாரத்தில்.

வீட்டில் சொன்னேன். அஞ்சலை சுளகைக் கீழே வைத்தாள்.

"மூணு ஆளு வேலையா? நேத்து ஒரு கொடம் தண்ணி தூக்கியாரச் சொன்னதுக்குப் பாதி வழியில ஒக்காந்துட்டான். அவனயா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவோடு வந்தாள்.

"மாசாய் பக்கத்துத் தோட்டத்து முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். பையன் பேரு அந்தத் தாள்லேர்ந்து போவணும். நீங்க வாய்ப்பூட்டுப் போட்டுக்கிட்டு நடந்தே போறீங்க. வழியில ஒரு சொல்லு வந்துச்சுன்னாலும் வேண்டுதல் போச்சு, பையனும் போச்சு."

"வேண்டிக்கிட்டது நீ. வாயக் கட்டுறது எனக்கா?"

"அவனப் பேசி அனுப்புனது எந்த வாயி?"

(நம் பெண்களுக்கு இந்த வசதி உண்டு. வேண்டிக்கொள்வது அவர்கள், மொட்டை போட்டுக்கொள்வது நாம்.)

வாய்ப்பூட்டு என்றால் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, சாமி சன்னிதியில்தான் அவிழ்ப்பது. ஒரு நாளைக்கு ஒருமுறை கஞ்சி குடிக்க இறக்கலாம். பேச்சு கூடாது. மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டுவதுதான் முறை. ஆனால் அப்போது மஞ்சளைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம். ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். அஞ்சலை பெட்டியடியில் ஒளித்து வைத்திருந்த என் நல்ல வேட்டியில் ஒரு முழம் கிழித்து, வெள்ளையாகவே கட்டிவிட்டாள்.

கட்டுவதற்கு முன்னால் லயத்து வீடுகளின் ஆட்களைக் கூப்பிட்டு, "நாப்பது மைலு எனக்கு ஒரு மைலா? நாப்பத்தேழு வயசுன்னு யாராச்சும் சொல்லட்டும் பாப்போம்!" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என் வாய்க்குக் காவலாக அஞ்சலையும் கூடவே வந்தாள். இரண்டாவது மைலில் வலது கால் கொப்பளித்தது. மூன்றாவதில் இடது கால். கல்லில் இடித்துக்கொண்டால் "ஐயோ" என்று சொல்லக்கூட வழியில்லை. அந்த "ஐயோ" எல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, பசியோடு சேர்ந்து கடமுட என்று உருண்டது.

காலைவிட வாய்தான் அதிகம் வலித்தது. செடெனாக்கில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு வண்டிக்காரர் தன் கிழட்டு மாட்டைத் தடவிக்கொண்டே, "இந்த மாதிரி மாடு ஜொகூர்லயே கெடையாதுங்க" என்றார். அது மாடா? என்னிடம் பன்னிரண்டு இருந்தன. அதில் மிக மட்டமானது இதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும். நான் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

"பக்தி," என்று அஞ்சலை அவருக்கு விளக்கினாள். அவர் எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் கூலாய் பாலத்துக்கு வந்தோம். அங்கே காவல் போட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய், மேசையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மலாய் போலீஸ்காரர். சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டோம். அவன் என்னிடம் ஏதோ கத்தினான்.

"பேரு கேக்குறாரு," என்றார் போலீஸ்காரர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் போலும், நன்றாகவே தமிழ் பேசினார்.

நான் கையைக் கூப்பினேன். சிப்பாய் மறுபடியும் கத்தினான். மறுபடியும் கூப்பினேன். விழுந்தது ஓர் அறை! காதுக்குள் கோயில் மணி அடித்தது. உதடு வரை வந்துவிட்டது பேச்சு. தங்கராசு முகம் கண்ணில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

இரண்டாம் அறைக்குக் கையை ஓங்கியவன் அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தான். வெள்ளைத் துணி. அதற்கு மேலே வேர்வையில் குழைந்த திருநீறு, வெயிலில் சிவந்த கண்கள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"சாக்கிட்?" என்றான்.

மலாயில் சாக்கிட் என்றால் நோய். பிறகுதான் தெரிந்தது, ஜப்பான்காரர்கள் ஊரில் நோய்க்காரன்தான் வாயில் வெள்ளைத் துணி கட்டுவானாம். மஞ்சள் கிடைத்திருந்தால் அவனுக்கு இப்படித் தோன்றியிருக்காது.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக எனக்கு அந்தப் பார்வை தெரியும். நான் 'வேண்டாம் வேண்டாம்' என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சாக்கிட், துவான்!" என்றாள். "பஞாக் சாக்கிட்!" நோய் ஐயா, ரொம்ப நோய் என்கிறாளாம்.

"என்னா சாக்கிட், அக்கா?" என்று போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார்.

"கக்குவான் இருமலுங்க. ராத்திரி பகல்னு இல்ல. அப்புறம் சொறி. வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள இருக்கு."

எனக்கா? காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை நான்! மரம் சீவிய காலத்தில் மற்றவன் ஒரு வாளி தூக்கினால் நான் இரண்டு தூக்கியவன்! பொறுக்க முடியவில்லை. பேசத்தானே கூடாது? கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினேன். நெஞ்சில் ஓங்கிக் குத்தினேன். காலைத் தரையில் உதைத்தேன். கொப்பளம் உடைந்து, வலி தாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விழுந்தேன்.

"வலிப்பும் உண்டுங்க," என்றாள் அஞ்சலை.

சிப்பாய் ஐந்தடி பின்வாங்கினான். போலீஸ்காரர் மேசையையே பின்னால் இழுத்துக்கொண்டார். "காலரா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"போன மாசம் வந்துட்டுப் போச்சு. இப்ப மவனுக்குப் புடிச்சிருக்கு. தங்கராசுன்னு பேரு, லாயாங் லாயாங். நல்லா எழுதிக்குங்க, தங்கராசு. வீட்டோட எல்லாருக்கும் தொத்து."

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். அவருக்கும் ஒரு மகன் இருந்திருக்க வேண்டும் என்று அஞ்சலை இன்றுவரை சொல்கிறாள்.

தூரத்தில் நின்றபடியே எங்கள் மேல் வாளி வாளியாகச் சுண்ணாம்புத் தூளை வீசினார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, பூசணிக்காய் இரண்டு நடப்பதுபோல் பாலத்தைக் கடந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பத்தடி தள்ளி நின்றார்கள். லாயாங் லாயாங்கின் ஆறு வண்டிக்காரன், நாலு வியாதிக்காரனாக மாசாய் நோக்கி நடந்தேன்.

மூன்றாம் நாள் சன்னிதி. பண்டாரம் தீபம் காட்டி, மந்திரம் சொல்லி, கட்டை அவிழ்த்தார். மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் சொல் 'முருகா' என்று இருக்க வேண்டும். அஞ்சலை கண்ணை மூடிக் கையைக் கூப்பிக் காத்திருந்தாள்.

"சொறி யாருக்குடி?" என்றேன்.

பண்டாரத்தின் கையிலிருந்த திருநீற்றுத் தட்டு கீழே விழுந்து உருண்டது. அஞ்சலை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பண்டாரத்திடம், "அவுத்த பொறவுதானே பேசுனாரு, சாமி? வேண்டுதல் செல்லுமில்ல?" என்று கேட்டாள்.

"செல்லும்மா," என்றார் அவர், தட்டைத் தேடிக்கொண்டே. "முருகன்தான் கொஞ்சம் பயந்துட்டாரு."

வீடு திரும்பிய மூன்றாம் நாள், வாயில் வெள்ளைத் துணி கட்டிய இரண்டு பேர் கிராணியோடு வந்தார்கள். எங்கள் கதவில் 'தொத்து நோய்' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். கிராணி தள்ளி நின்றே பட்டியலை எடுத்து, தங்கராசின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு அதன் மேலேயே இன்னொரு கோடு. ஒரு மாதம் எங்கள் வாசல் பக்கம் கோழிகூட வரவில்லை. ரயில் புறப்பட்ட சத்தத்தை நாங்கள் மூவரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டோம். அதில் போன எங்கள் தோட்டத்து ஆட்களில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள்.

ஜெயித்தது யார் என்பதில் வீட்டில் இன்னும் சண்டை உண்டு. முருகன் என்பாள் அஞ்சலை. வாயை மூடிக்கொண்டு அறை வாங்கியவன் நான், எனவே நான்தான். பேரப்பிள்ளைகளோ எங்கள் இருவர் பக்கமும் சேராமல், யாராவது அதிகம் பீற்றினால் "சொறி யாருக்குடி?" என்று கோரஸாகக் கத்துவார்கள்.

போன மாதம் மூட்டு வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட வந்தவன் தங்கராசு. அவனுக்கே இப்போது தலை முழுக்க நரை. தாதிப் பெண் அட்டையை வைத்துக்கொண்டு, "தாத்தாவுக்கு முன்னாடி ஏதாச்சும் பெரிய நோய் வந்திருக்கா?" என்று கேட்டாள்.

தங்கராசு சிரிக்காமல் ஆரம்பித்தான். "கக்குவான். சொறி. வலிப்பு. காலரா. எல்லாம் ஒரே நாள்ல, கூலாய்ல."

அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். வேறு நேரமாக இருந்தால் புஜத்தை மடக்கிக் காட்டியிருப்பேன். பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். நரையும் தொந்தியுமாக, என்னைவிட உயரமாக நின்றான்.

"எழுதிக்கம்மா," என்றேன். "எல்லாம் இருந்திச்சு. அதுலயும் எனக்கு வந்த காலரா மாதிரி இந்த ஜொகூர்லயே எவனுக்கும் வந்ததில்ல."